கூப்பிடுகிறவரிடம் பத்திரம் இல்லை

வசூலுக்குக் கூப்பிடுகிற பையன் கையில் கடன் பத்திரம் கிடையாது. அவன் முன்னால் இருப்பது ஒரு எக்செல் ஷீட். அதில் ஒரு பெயர், ஒரு போன் நம்பர், கடன் எண், பாக்கித் தொகை, தவணை தவறி எத்தனை நாள் ஆச்சு என்ற கணக்கு. அவ்வளவுதான். அந்தப் பெயர்க்காரர் நீங்கள்தானா, கையெழுத்து உங்களுடையதா என்று சரிபார்க்க அவனுக்கு வழியே இல்லை. சரிபார்க்கச் சொல்லி அவனுக்கு யாரும் சம்பளம் தரவும் இல்லை. வாங்காத கடனுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பேர் அல்லாடிய பிறகுதான் இது எனக்கு முழுசாக விளங்கியது. ஒருவர் அம்மா, இன்னொருவன் சித்தப்பா மகன்.

அம்மாவின் பழைய சிம் ரீசார்ஜ் செய்யாமல் கிடந்து செத்துப்போனது. அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு செல்போன் கடையில் புது சிம் வாங்கினோம். அந்த வாரமே ஆரம்பித்தது. யாரோ ஒரு ஆணின் பெயரைச் சொல்லி, "இருக்காரா?" என்று கேட்டார்கள். டூவீலர் லோனாம், மூன்று தவணை பாக்கியாம். அம்மா, "அப்படி யாரும் இங்க இல்லையேப்பா" என்றார். அடுத்த கேள்வி: "அவரு உங்களுக்கு என்ன வேணும்மா? மகனா?" மறுநாள் வேறு குரல், அதே கேள்வி. அதற்கடுத்த குரலுக்கு மரியாதை இல்லை. "பொய் சொல்லாதீங்க, மகன ஒளிச்சு வச்சிக்கிட்டுப் பேசுறீங்க."

நடந்தது இதுதான். இந்தியாவில் ஒரு செல்போன் எண் துண்டிக்கப்பட்டால் 90 நாள் யாருக்கும் தரமாட்டார்கள். அதன்பிறகு அது புது வாடிக்கையாளர் ஒருவருக்குப் போகலாம். எண் கைமாறிவிடும். கடன் கொடுத்த கம்பெனியின் ஏட்டில் மட்டும் பழைய ஆளின் பெயரோடு அப்படியே நிற்கும். அம்மா வாங்கியது புது சிம், பழைய நம்பர். அந்த நம்பருக்கு முன்னால் சொந்தக்காரராக இருந்தவரின் கடனும் கூடவே வந்துவிட்டது.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் பேசுவார். வசூல் தொழில் முழுக்க இந்தக் கூச்சத்தின் மேல்தான் நிற்கிறது. கடன் வாங்கியவருக்கு வரும் கூச்சத்தை விட, வாங்காதவருக்கு வரும் கூச்சம் அவர்களுக்கு லாபம் என்று கூட எனக்குத் தோன்றியிருக்கிறது. வாங்காதவர்தான் "இதை எப்படியாவது முடிச்சுவிட்டா போதும்" என்று சீக்கிரம் தவிப்பார்.

அம்மாவின் இன்னொரு குணமும் வினையாக வந்தது. எந்த போனையும் அவர் சட்டென்று வைக்கமாட்டார். "சரிப்பா, பார்க்கிறேன்" என்று சொல்லித்தான் முடிப்பார். மதுரையில் ஒரு வசூல் கால் சென்டரில் முன்பு வேலை பார்த்த தோழி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் பாஷையில் அதற்கு பி.டி.பி. என்று பெயர். கட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார் என்று பொருள். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் என்ன நடந்தது என்று ஒரு குறி போட வேண்டும். எடுக்கவில்லை, ராங் நம்பர், கட்ட மறுக்கிறார், பி.டி.பி. என்று பல உண்டு. அன்றைய டார்கெட்டில் நல்ல பெயர் வாங்கித் தருவது பி.டி.பி.தான். நம்மூர்ப் பெரியவர்களின் "பார்க்கலாம்ப்பா" அங்கே போய் வாக்குறுதியாகப் பதிவாகிவிடுகிறது. சொன்ன தேதியில் பணம் வராவிட்டால் அடுத்து கூப்பிடுகிறவர் இன்னும் சூடாகப் பேசுவார்.

சரி, ராங் நம்பர் என்று அந்தப் பையனே குறி போட்டுவிட்டால் முடியாதா? முடியாது. அதையும் அவள்தான் சொன்னாள். மாதம் பிறந்தால் புது அலோகேஷன். கடன் கொடுத்த கம்பெனி தன் ஏட்டிலிருந்து பட்டியலை எடுத்து ஏஜென்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். தவணை தவறி 30 நாள் வரை ஒரு பக்கெட், 60 வரை இன்னொன்று, 90 வரை மற்றொன்று. பக்கெட் மாறினால் ஏஜென்சியும் மாறும். போன மாத ஏஜென்சியில் போட்ட குறி இந்த மாத ஏஜென்சிக்குத் தெரியாது. கம்பெனி ஏட்டில் அந்த எண் இருக்கும்வரை அழைப்பு வந்துகொண்டே இருக்கும். ஒருவரை பிளாக் செய்தால் இன்னொரு பத்து இலக்க எண்ணிலிருந்து வருவார்.

அதனால் போனில் நியாயம் பேசுவதை அம்மா விட்டார். நான் சொல்லிக் கொடுத்த ஒரே கேள்வி: "எந்த கம்பெனி லோன்ப்பா, லோன் நம்பர் என்ன?" அதை எழுதிக்கொண்டு போனை வைத்துவிட வேண்டும். வெரிஃபிகேஷன் என்று சொல்லி ஆதார் எண், பிறந்த தேதி, ஓ.டி.பி. எது கேட்டாலும் கிடையாது. நாம் அந்த ஆள் இல்லை என்று காட்டப் போய் நம் விவரத்தை அவர்கள் ஏட்டில் நாமே ஏற்றிவிடக் கூடாது. பிறகு கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இந்த எண் இப்போது என் அம்மா பெயரில் இருக்கிறது, உங்கள் கடனாளி யார் என்றே எங்களுக்குத் தெரியாது, இந்தக் கடன் எண்ணிலிருந்து இந்த போன் நம்பரை நீக்கி எழுத்தில் உறுதி செய்யுங்கள். இவ்வளவுதான் கடிதம். சிம் வாங்கிய தேதி தெரியும் ரசீதை இணைத்தேன். இன்னொரு வரியும் சேர்த்தேன். 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, தொலைத்தொடர்புத் துறை வெளியிடும் ரத்தான எண்களின் பட்டியலை வைத்து வாடிக்கையாளர் ஏட்டைச் சரிபார்க்கச் சொல்லி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்த வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எண்ணை நீக்கிவிட்டோம் என்று இரண்டு வரி வந்தது. அழைப்பு நின்றது.

அம்மாவின் விஷயம் வெறும் தொல்லை. சித்தப்பா மகனுடையது அப்படி இல்லை.

அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த இடத்தில் சிபில், அதாவது கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் அறிக்கை, சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். "அக்கா, என் பேர்ல ரெண்டு லோன் இருக்காம்க்கா. ரெண்டுமே கட்டாம விட்டதாம்" என்று போனில் சொன்னபோது அவன் குரலே மாறியிருந்தது. இரண்டும் செல்போன் செயலி வழியாக வாங்கிய சின்னக் கடன்கள். பான் எண் இவனுடையது. போன் நம்பர், மின்னஞ்சல் எதுவும் இவனுடையது இல்லை. பான், ஆதார் நகல் எங்கே சிந்தியது என்று தேடுவதில் பயனில்லை. ஜெராக்ஸ் கடை, சிம் கடை, வாடகை ஒப்பந்தம், வேலைக்கு மனுப்போட்ட இடம் என்று நாம் எல்லோரும் ஊர் முழுக்க விதைத்து வைத்திருக்கிறோம். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கித் தன் சிபில் மதிப்பெண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே அந்தக் கதி.

அடுத்து வீட்டுக்கே ஆள் வந்தார். மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறான். வந்தவர் மாடி ஏறவில்லை. கீழே வீட்டு ஓனர் வாசலில் நின்று, இவன் பெயரைச் சொல்லி, "லோன் விஷயமா வந்திருக்கோம்" என்று சத்தமாக விசாரித்தார். முகவரி தெரியாமல் கேட்டதில்லை அது. ரிசர்வ் வங்கியின் 2008 விதிப்படி வசூலுக்கு வருகிறவரிடம் அடையாள அட்டை, வங்கி தந்த அங்கீகாரக் கடிதம், கடனாளிக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. மகளிர் குழுக் கடன் போன்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு அது காலை 9, மாலை 6. மிரட்டுவதும், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதும், குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வதும் கூடாது. ஏஜென்சி செய்யும் தப்புக்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. அடியாள் வைத்து வசூலிக்கும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஒரு தனியார் வங்கி வழக்கில் கண்டித்திருக்கிறது. 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமுன்வடிவே நிறைவேற்றியது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை.

வந்தவரிடம் அங்கீகாரக் கடிதம் எங்கே என்று தம்பி கேட்டான். அவர் காட்டியது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். அதை அவன் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். அவர் பெயரையும் ஏஜென்சி பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டான். அத்தோடு அவர் குரல் இறங்கிவிட்டது. பாவம், அவரும் பெட்ரோலைத் தன் கைக்காசில் போட்டுக்கொண்டு, வசூலானால்தான் கமிஷன் என்று அலைகிற ஆள். அவரிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அன்று ராத்திரி தம்பி கேட்டான்: "மொத்தமே எட்டாயிரம் சொச்சம்தான்க்கா. கட்டித் தொலைச்சிரவா?"

இந்த விவகாரத்தில் வழுக்குகிற இடம் இதுதான். தொகை சின்னதாக இருப்பதே ஒரு பொறி. கட்டினால், வாங்கியது நான்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. அதன்பிறகு மோசடி என்று எழுதிக் கொடுக்கிற புகாருக்கு மதிப்பு குறைந்துவிடும். பணம் கட்டியதால் சிபில் அறிக்கையிலிருந்து அந்தக் கடன் மறையவும் செய்யாது. தவணை தவறிய வரலாறு அப்படியே நிற்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் "செட்டில்டு" என்ற முத்திரையும் சேரும். அடுத்த வங்கி அதைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கும். பழைய கடன் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. காலவரையறைச் சட்டத்தின்படி சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அந்தக் கெடு தீர்வதற்குள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதி கட்டினாலோ, மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். "ஐநூறு மட்டும் போடுங்க சார், ஃபைலை மூடிடுறோம்" என்று கெஞ்சலாகப் பேசுவது ஏன் என்று இப்போது புரியும்.

நாங்கள் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கேள்விதான் முக்கியம். பணம் எந்த வங்கிக் கணக்கில் போய் விழுந்தது? 2022 செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கடன் பணம் கடனாளியின் சொந்த வங்கிக் கணக்கில் நேரடியாக வந்து சேர வேண்டும். அப்படியென்றால் கணக்கு எண் அவர்களிடம் இருந்தே தீரும். கூடவே கடன் ஒப்பந்தம், அடையாளத்துக்கு வாங்கிய ஆவணங்கள், எடுத்த செல்ஃபி எல்லாவற்றையும் கேட்டோம். "இந்தக் கடனை நான் வாங்கவில்லை, என் அடையாளத்தைத் திருடி யாரோ வாங்கியிருக்கிறார்கள்" என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். "தள்ளுபடி", "செட்டில்மென்ட்", "அவகாசம்" என்ற வார்த்தைகள் எதுவும் கடிதத்தில் வரக் கூடாது. கடன் வாங்கியவர் பேசுகிற பேச்சு அது.

முதல் பதில் வழக்கமான ஒன்று. தங்கள் கணக்கில் பாக்கி உள்ளது, உடனே செலுத்தவும். மறுபடி அதே கேள்வியை அனுப்பினோம். இந்த முறை ஒரு ஒப்பந்த நகல் வந்தது. செல்ஃபியில் இருந்தது வேறு முகம். பணம் போன கணக்கு வேறு மாநிலத்தில் இருந்த ஏதோ ஒரு கிளையில். அந்த மாதத்துத் தன் வங்கிக் கணக்கு அறிக்கையைத் தம்பி இணைத்து அனுப்பினான். அதில் அப்படி ஒரு வரவே கிடையாது.

இடையில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, உள்ளூர் காவல் நிலையத்துக்கும் போனான். முதலில் சைபர் கிரைமுக்குப் போ என்றார்கள். ஆன்லைன் புகாரின் நகலைக் காட்டி, மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீதாவது கொடுங்கள் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்து வாங்கினான். மனுவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, அதாவது அடையாளத் திருட்டுப் பிரிவு, எழுதியிருந்தது. அந்தத் துண்டுக் காகிதத்தால் திருடன் பிடிபடுவான் என்று நாங்கள் யாரும் நம்பவில்லை. கம்பெனிக்கும் சிபிலுக்கும் அனுப்ப அது இருந்தால் பேச்சின் கனமே வேறு.

சிபில் பக்கம் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் சிபில் என்றே சொன்னாலும் இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நான்கிலிருந்தும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகப் பெறலாம். நான்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் இருக்கும் பொய்க் கடன் இன்னொன்றில் இல்லாமலும் இருக்கும், தலைகீழாகவும் இருக்கும். தகராறு பதிவு செய்தால் அந்த நிறுவனம் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும். அவர் "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் தகராறு அத்தோடு மூடப்படும். அதனால் கடன் கொடுத்தவரை எழுத்தில் மடக்காமல் சிபிலில் மட்டும் முட்டினால் சுவரில் முட்டின கதைதான். புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. கடிதத்தில் அதை நினைவூட்டுவதில் தவறில்லை.

தம்பி பெயரில் கடன் கொடுத்த கம்பெனி, "கணக்கை முடித்துவிட்டோம்" என்று எழுதியது. அதை நாங்கள் ஏற்கவில்லை. முடிந்த கடன் என்றால் ஒரு காலத்தில் இருந்த கடன் என்று ஆகிறது. நான்கு நிறுவனங்களின் அறிக்கையிலிருந்தும் இந்தக் கணக்கையே நீக்க வேண்டும், நீக்கியதாகக் கடிதம் தர வேண்டும் என்று கேட்டோம். 30 நாள் கடந்தும் பதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 2021 நவம்பரில் வந்தது. அதன் ஆன்லைன் புகார்த் தளமான சி.எம்.எஸ்.-இல் புகார் போட்டோம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் சந்தேகம் கேட்கலாம். முக்கிய நிபந்தனை, முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து 30 நாள் காத்திருந்திருக்க வேண்டும், அல்லது அவர்கள் தந்த பதில் திருப்தி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் மட்டுமே சண்டை போட்டவர்களிடம் அதற்கு ஆதாரமே இருக்காது. புகார் பதிவானபின் கம்பெனியின் எழுத்து நடையே மாறிவிட்டது. "டியர் கஸ்டமர்" போய் தம்பியின் பெயரே வந்தது. நீக்கியதாகக் கடிதமும் வந்தது.

இதற்கு நடுவே வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தராசுச் சின்னம், சிவப்பு முத்திரை, "கைது வாரண்ட்" என்ற தலைப்பு. கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதில்லை. அது சிவில் விவகாரம். செக் பவுன்ஸ் போன்றவை வேறு, ஆனால் வாங்காத கடனுக்கு நாம் செக்கே கொடுத்திருக்கமாட்டோம். வழக்கமான லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் உண்மையானதாகவே இருந்தாலும், இரண்டு தரப்பும் சம்மதிக்காமல் அங்கே எதுவும் தீர்மானமாகாது. ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) நோட்டீஸ் தபாலில் வந்தால் மட்டும் அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். பதில் போடாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள், அந்தத் தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். கடன் என்னுடையதில்லை என்று உடனே பதிவுத் தபாலில் பதில் போக வேண்டும். நீதிமன்ற சம்மன் என்றால் வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்த்து, அந்தத் தேதிக்கு ஆஜராகத்தான் வேண்டும்.

பதிவே இல்லாத லோன் ஆப் கும்பல்கள் வேறு ரகம். அங்கே குறைதீர் அலுவலரும் இல்லை, கம்பெனியும் இல்லை. கேட்காமலே கணக்கில் கொஞ்சம் பணம் போட்டுவிட்டு மூன்று மடங்கு கேட்பார்கள், படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவேன் என்பார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைப்பதும் வங்கிக்குச் சொல்வதும்தான் வழி. ஒருமுறை கொடுத்தால் மறுபடி வருவார்கள்.

நண்பனின் கடனுக்குத் தங்கள் நம்பரை ரெஃபரன்ஸாகக் கொடுத்தவர்களும், நாங்கள் கட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். ரெஃபரன்ஸ் வெறும் ரெஃபரன்ஸ்தான், ஒரு பைசா பொறுப்பில்லை. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு, ஒப்பந்தச் சட்டப்படி கடனாளிக்குச் சமமான பொறுப்பு உண்டு. இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள், அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. புருஷன் செத்த பதினாறாம் நாள் முடியுமுன் கிரெடிட் கார்டு பாக்கி கேட்டு வந்து மனைவியிடம் கையெழுத்து வாங்கப் பார்த்த ஒரு சம்பவம் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் கூடவே ஜாமீன் போட்டிருக்காத பட்சத்தில் அவர் சம்பளத்திலிருந்து கொடுக்க வேண்டியது ஒன்றுமே இல்லை.

தம்பி அந்த நீக்கல் கடிதத்தை லேமினேட் செய்யக் கிளம்பினான். வேண்டாம், ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் போட்டு வை என்றேன். வராத கடன்களைக் கம்பெனிகள் கட்டுக்கட்டாகச் சேர்த்து சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்பது உண்டு. விற்றவர் ஏட்டில் நீக்கியது வாங்கியவர் ஷீட்டில் ஏறாமல் போயிருக்கலாம். நாலு வருஷம் கழித்து வேறு பெயரில் ஒரு கம்பெனி கூப்பிட்டால், கடன் எண்ணைக் கேட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை அவர்களின் குறைதீர் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக் கடனுக்கு மறுபடி மனுப்போட்டிருக்கிறான். ஈக்விஃபாக்ஸ் அறிக்கையில் மட்டும் இரண்டாவது கடன் இன்னும் நிற்கிறது, அதற்குத் தனியாகப் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது.